கழுவிய மண்

1

ஒரு வேளாண் மாத இதழ் என்னிடம் கட்டுரை கேட்டதில்தான் இந்தக் கதை தொடங்கியது. அழகு இலைச்செடிகளின் தண்டை நறுக்கி வேர்விட வைக்க எந்தத் தொட்டிக்கலவை நல்லது என்பது பொருள். சாயல்குடிப் பக்கம் நர்சரி வைத்திருக்கும் ஒரு பெண்மணியைப் பார்த்துப் பேசி, செம்மண், மட்கிய இலை, அலசிய தேங்காய் நார்த்தூள் என்று எழுதிக் கொடுத்தேன். அச்சாகியும் விட்டது. அவருடைய நர்சரியில் இருந்த ஒரு தொட்டியை மட்டும் கட்டுரைக்குள் வைக்க முடியவில்லை. இங்கே வைக்கிறேன். பெயர்களை மாற்றச் சொன்னார், மாற்றிவிட்டேன். அமுதவள்ளி என்று வைத்துக்கொள்வோம்.

(கதைக்குள் வந்ததும் ‘அவர்’ ‘அவள்’ ஆகிவிடுவாள். நெருங்கிப் போக எனக்கு வேறு வழி தெரியவில்லை.)

2

முதல் தொடக்கம்: ‘மண் என்பது வெறும் மண்ணல்ல, அது —’

நிறுத்திவிட்டேன். மண் என்று எழுதியதுமே எழுதுகிறவனுக்குத் தொண்டை கம்மிவிடுகிறது. அமுதவள்ளிக்கு அது கலவையில் மூன்றில் ஒரு பங்கு. அதற்குமேல் அவள் அதற்கு மரியாதை கொடுத்ததில்லை, அந்தச் சாக்கு வரும்வரை.

இரண்டாவது தொடக்கம்: ‘துர்காதேவி இறந்த பிறகு வந்த செவ்வாய்க்கிழமை —’

இதுவும் வேண்டாம். கிழமை எனக்குத் தெரியாது. நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன்.

அமுதவள்ளிக்கும் தர்மராஜுக்கும் ஒரே மகள் துர்காதேவி. மதுரையில் நர்சிங் படித்தாள். காய்ச்சல் என்று படுத்தவள், இவர்கள் பஸ் ஏறிப் போய்ச் சேருவதற்குள் போய்விட்டாள். கல்யாணமாகாத பிள்ளை என்பதால் எரிக்காமல், உப்பளத்தை ஒட்டிய இடுகாட்டில் புதைத்தார்கள்.

சில வாரம் கழித்து, விடுதியில் உடன் தங்கியிருந்த ஜுவைரியா அவளுடைய பெட்டியைக் கொண்டுவந்தாள். கூடவே ஒரு பெயிண்ட் டப்பாவில் டிரசீனா என்ற அழகு இலைச்செடி. ஜன்னலோரம் துர்கா வளர்த்தது. இலையெல்லாம் தொங்கிப்போயிருந்தது.

“அவ நெனப்புல நாங்க எல்லாருமே தண்ணி ஊத்தினோம்மா,” என்று ஜுவைரியா அழுதாள். “ஒருத்தி ஊத்தினது ஒருத்திக்குத் தெரியல.”

வேர் அழுகியிருந்தது. ஆனால் அழுகலுக்கு மேலே தண்டு இன்னும் கெட்டியாக இருந்தது. அமுதவள்ளி கத்தியைத் தீயில் காட்டி, தண்டைத் துண்டு துண்டாக நறுக்கி, வெட்டுவாய் உலர நிழலில் போட்டாள்.

3

தர்மராஜ் மிளகாய் விவசாயி. அன்று சாயங்காலம் உரச்சாக்கில் மண் கொண்டுவந்து அவள் முன்னால் கொட்டினார். சாம்பல் நிற மண். ஆங்காங்கே வெள்ளை பூத்திருந்தது.

“இதுல வையி.”

“எங்கன அள்ளுனீக?”

“அவ கெடக்கிற எடத்துல.”

“உப்பு மண்ணுங்க. வேரு விடாது. கருகிரும்.”

“புள்ளையவே அதுல வச்சிருக்கோம்ல?”

“கெடக்கத்தான் ஆகும் அந்த மண்ணு. தழைக்க ஆகாது.”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. தர்மராஜ் சாக்கை உதறி, மடித்து, கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனார். அதோடு பேச்சு நின்றது. சோறு போட்டால் சாப்பிட்டார்.

4

இந்த இடத்தில் எனக்குத் தர்மராஜ் மேல் சந்தேகம் வந்தது. காலமெல்லாம் மிளகாய் போட்ட மனுஷனுக்கு உவர் மண் தெரியாதா? கதைக்காக ஒருவரை மடையனாக்குகிறேனோ? அமுதவள்ளியிடமே கேட்டேன்.

“தெரியும். தெரிஞ்சுதான் கொண்டாந்தாக,” என்றாள். “அவ இல்லாதப்ப அவ செடி மட்டும் என்னத்துக்குத் தழைக்கணும்னு நெனச்சாகளோ என்னமோ. நான் கேக்கல. நீங்களும் கேக்காதீக.”

கேட்கவில்லை. (ஒரு வரைவில் அவரை அழவைத்திருந்தேன். வெட்டிவிட்டேன். அவர் அழுததை யாரும் பார்த்ததில்லை.)

5

நார்த்தூளும் மணலும் கலந்த தட்டில் துண்டுகளை நட்டாள். ஒன்றை மட்டும் ஒதுக்கி வைத்தாள். பிறகு அந்தச் சாம்பல் மண்ணை, அடியில் துளையுள்ள தொட்டியில் அள்ளிப்போட்டு, குடிக்கப் பிடித்து வைத்திருந்த நல்ல தண்ணீரை மெல்ல ஊற்றினாள்.* துளை வழியே வடிந்ததைக் கிண்ணத்தில் ஏந்தி நாக்கில் வைத்துப் பார்த்தாள். கடலாய்க் கரித்தது. துப்பவில்லை. மறுபடி ஊற்றினாள். மறுநாளும் ஊற்றினாள்.

[* உப்பு மண்ணை நல்ல தண்ணீர் விட்டு அலசலாம் என்று கட்டுரையிலும் எழுதியிருக்கிறேன். இப்படி என்று எழுதவில்லை.]

தர்மராஜ் மிளகாய்க் காட்டிலிருந்து திரும்பியபோது அவள் வாயருகே கிண்ணம் இருந்தது. அவர் நடை நின்றது.

“எதுக்கு வள்ளி அதக் குடிக்கிற?”

“குடிக்கல. உப்பு போயிருச்சான்னு பாக்குறேன்.”

“இம்புட்டுக் கழுவுனா, அது அந்த மண்ணாவா இருக்கும்?”

“தெரியலங்க. நீங்களே சொல்லுங்க.”

அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். கிண்ணத்தை வாங்கித் தானும் நாக்கில் வைத்தார். வெகுநேரம் கண்ணைத் திறக்கவில்லை.

“இன்னும் கரிக்குது,” என்றார். குடத்தைச் சாய்த்துத் தண்ணீர் ஊற்றினார்.

உப்பு அடங்கியதும் மட்கிய இலையைக் கலந்து, ஒதுக்கிய துண்டை இருவருமாக அதில் நட்டார்கள்.

6

முடிவு அ: ‘வேர் பிடித்தது. அவர்கள் இருவரும் —’

எனக்குப் பிடித்த முடிவு. அதனாலேயே நம்பவில்லை.

முடிவு ஆ: ‘அழுகியது. தர்மராஜ் தொட்டியைக் கவிழ்த்து —’

கை கூசியது.

நான் பார்த்தது இவ்வளவுதான். தட்டில் நட்டவை வேர்விட்டுத் தொட்டி மாறியிருந்தன. ஒன்று ஜுவைரியா வீட்டுக்குப் போயிருந்தது. அந்த ஒற்றைத் துண்டிலும் கணுவில் பச்சைக் குருத்து விரிந்திருந்தது. “வந்துருச்சே!” என்றேன்.

அமுதவள்ளி இல்லையென்று தலையசைத்தாள். “எலைய நம்ப முடியாதுங்க. தண்டுல உள்ள சத்தத் தின்னே கொஞ்ச நாள் தழைக்கும். வேரு இருக்கா இல்லையான்னு மெல்ல இழுத்துப் பாத்தாத்தான் தெரியும்.”

“பாத்தீங்களா?”

“எனக்குக் கை வரல. அவுகளுக்கும் வரல.” தொட்டியை என் பக்கம் நகர்த்தினாள். “நீங்க வெளியாளு. நீங்க பாருங்களேன்.”

பக்கத்தில் உட்கார்ந்திருந்த தர்மராஜ் எழுந்து அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். அமுதவள்ளி திரும்பவில்லை.

நான் குனிந்து தண்டை இரு விரலால் பிடித்தேன். இதற்குமேல் ஒரு வரிகூட என்னால் எழுத முடியவில்லை. என் விரலை எடுத்துக்கொள்கிறேன். நீங்களும் வெளியாள்தான். பிடியுங்கள். அவள் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.