இடது கையின் நான்கு விரல்கள்

லாரி டிரைவர் ஒருவரின் முழங்கை மடிப்பில் ஊசி இறங்கியும் குழாயில் ரத்தம் வராமல் போனபோது, ரத்தம் எடுக்கும் அறையில் இருந்த மற்ற மூன்று பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அந்த ஆளுக்குக் கயிறு மாதிரி புடைத்த நரம்பு; நேற்று வேலைக்குச் சேர்ந்தவள்கூடக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துவிடுவாள். அதைத்தான் கொசு அக்கா தவறவிட்டிருந்தாள். கொசு என்பது அந்த ஆஸ்பத்திரி அவளுக்குக் கொடுத்த பட்டம். குத்தினதும் தெரியவில்லை, குடித்ததும் தெரியவில்லை என்று ஏதோ ஒரு நோயாளி பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் சொல்லப்போக, அவளுடைய சொந்தப் பெயர் சம்பளச் சீட்டோடு ஒதுங்கிக்கொண்டது.

"மன்னிச்சுக்கங்கண்ணே, இன்னொரு தடவ."

"பரவால்லம்மா. கொசுவுக்கும் வயசாகும்ல" என்றார் டிரைவர். எல்லோரும் சிரித்தார்கள். கொசு அக்காவும் சிரித்தாள்.

அவளுடைய தொழில் கண்ணில் இல்லை, இடது கை விரல் நுனியில் இருந்தது. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் தோலை லேசாக அழுத்தும்; எங்கோ ஓரிடத்தில் தோல் அமுங்கிவிட்டு மறுபடி விரலைத் தள்ளும். அதுதான் நரம்பு. வலது கை ஊசியைக் கொண்டுவந்தால் போதும். கொஞ்ச நாளாக அந்த விரல்கள் சரியாகச் சேதி சொல்லவில்லை. ஏன் என்று அவளுக்குத் தெரியும். யாரிடமும் சொல்லத்தான் பயமாக இருந்தது.

எல்லாம் ஆஸ்பத்திரி ஆண்டு விழாக் குலுக்கலில் ஆரம்பித்தது. வார்டு பாய்க்கு இஸ்திரிப் பெட்டி, சமையல்கட்டு மேஸ்திரிக்குக் குக்கர், இவளுக்குக் கிட்டார். "இத வச்சுத் துணி தேய்க்க முடியுமா?" என்று கேட்டார் கணவர். ஒரு மாதம் அது பீரோவுக்குப் பக்கத்தில் சாய்ந்து கிடந்தது. தூசி தட்டப்போனவள் ஒரு கம்பியைத் தட்டிவிட்டாள். அந்தச் சத்தம் வயிற்றுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அடுத்த வாரம், நாற்பத்தாறு வயதில், புது நோட்டும் பேனாவுமாக இசைக்கருவிக் கடையின் மாடியில் போய் நின்றாள்.

சொல்லிக்கொடுத்தவன் அந்தக் கடையில் விற்பனைக்கு நிற்கும் பையன். இருபத்து நாலு வயதிருக்கும். அவன் இவளை அக்கா என்றான். இவள் அவனை சார் என்றாள்.

"பாட்டு மட்டும் கேக்காதீங்கக்கா. மூணு மாசத்துக்குப் பாட்டே கெடையாது. மொதல்ல வெரல் நிக்கணும். அஸ்திவாரம் போடாம வெள்ளை அடிச்சா நாளைக்கு வீடு நம்ம தலையிலதான் விழும்."

நான்கு விரல், கிட்டார் கழுத்தில் நான்கு கட்டம், ஆறு கம்பி. ஒவ்வொரு விரலாக வைத்து, அழுத்தி, மீட்டி, அடுத்தது. ஒரு சத்தம் கரகரத்தாலும் முதலிலிருந்து. கூட வந்த கல்லூரிப் பிள்ளைகள் இரண்டே வாரத்தில் கொட்டாவி விட்டுக் காணாமல் போனார்கள். அவளுக்கோ அது பிடித்துப் போயிற்று. வெளியே நாற்பது பேர் டோக்கனோடு நிற்கும் வேலையில், ஒரு காரியத்தை மெதுவாகச் செய் என்று அவளிடம் இதுவரை யாருமே சொன்னதில்லை.

ஏழாவது வாரம் அவன் அவள் இடது கையின் தடித்த விரல் நுனிகளைத் தட்டிப் பார்த்தான். "காய்ப்பு வந்துருச்சுக்கா. இதான் அஸ்திவாரம். இனிமே வலிக்காது." அன்றைக்கு அவள் வீட்டுக்குப் போய், முதல் ரேங்க் வாங்கின பிள்ளை மாதிரி கணவரிடம் கையை நீட்டிக் காட்டினாள். வலிக்காத விரலுக்கு வேறு என்னென்ன தெரியாமல் போகும் என்று அன்றைக்கு அவள் யோசிக்கவில்லை.

டிரைவர் வந்துபோன அன்று மாலை, சாப்பாட்டு மேஜையில் ஒரு தலைமுடியை வைத்து அதன்மேல் காகிதத்தை விரித்தாள். படிக்கிற காலத்தில் தோழிகளோடு ஆடிய ஆட்டம் அது. கண்ணை மூடி, காகிதத்துக்கு அடியில் முடி எங்கே கிடக்கிறது என்று விரலால் தடவிக் கண்டுபிடிக்க வேண்டும். அப்போதெல்லாம் நான்கு காகிதம் அடுக்கினாலும் சொல்லிவிடுவாள். இப்போது ஒரே ஒரு காகிதம். மேஜைதான் தெரிந்தது. நகம் தேய்க்கும் அட்டையால் விரல் நுனியைத் தேய்த்தாள். தோல் சிவந்து எரிந்ததே தவிர, முடி கிடைக்கவில்லை.

"விட்டுத் தொலையேன். காசு குடுத்தா வாங்கினோம், குலுக்கல்ல விழுந்ததுதானே" என்றார் கணவர். சொன்னதில் தப்பில்லை. ஆனாலும் அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இந்த வீட்டில் அவளுக்கென்று வந்தது அது ஒன்றுதான். கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை என்று தன்னையே திட்டிக்கொண்டாள். பத்து நாள் வகுப்புக்குப் போகவில்லை. அப்படியும், இரும்பு பிடித்த கை சும்மா இருக்குமா? பஸ்ஸில் முன்சீட்டுக் கம்பியின்மேல் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று விரல்கள் தாமாக நடந்துகொண்டிருந்தன. காய்ப்பும் அசையவில்லை.

வியாழக்கிழமை பேக்கரிக்காரம்மா வந்தார். அந்த அம்மாவுக்கு மார்பில் புற்றுநோய்க்கு அறுவை நடந்து மருந்து ஏறிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு தடவையும் முதலில் ரத்தம் பார்த்தால்தான் மருந்து. அறுவை நடந்த பக்கத்துக் கையைத் தொடக்கூடாது. இன்னொரு கையின் நரம்புகளோ மருந்துக்குப் பயந்து உள்ளே ஓடிவிட்டன. முதல் முறை வந்தபோது கொசு அக்கா விடுப்பில் இருந்தாள். இரண்டு பேர் மாற்றி மாற்றி ஆறு இடத்தில் குத்தினார்கள். எழுந்து வீட்டுக்குப் போன அம்மா ஐந்து வாரம் இந்தப் பக்கமே வரவில்லை. மகள் அழுது காலைப் பிடித்துத்தான் திரும்பக் கூட்டிவந்தாள். வந்ததிலிருந்து கொசுதான்.

"இன்னும் ரெண்டு மருந்துதான் பாக்கி. நீ இருக்கங்கற தைரியத்துலதான் வர்றேன்" என்றபடி அம்மா கையைத் தலையணைமேல் வைத்தார்.

ரப்பர் பட்டையைக் கட்டினாள். விரலை வைத்தாள். ஒன்றுமில்லை. சற்றுத் தள்ளி வைத்தாள். அங்கேயும் ஒன்றுமில்லை. வலது கையால் தடவிப் பார்த்தாள். அந்த விரல்களுக்கு ஊசி பிடிக்கத்தான் தெரியும். ஒரு நிமிஷத்துக்கு மேல் கட்டி வைக்கக்கூடாது என்பதால் பட்டையை அவிழ்த்துவிட்டாள். மறுபடி கட்டினாள். அப்போதும் தட்டுப்படவில்லை.

"நான் பாக்கட்டுமாக்கா?" என்றாள் பக்கத்து நாற்காலிப் பெண். பேக்கரிக்காரம்மா உடனே பட்டையை உருவிப் போட்டுவிட்டு ரவிக்கைக் கையைக் கீழே இழுத்துக்கொண்டார். "வேற யாரும் தொட்டா நான் போயிருவேன்."

பிறகு கொசுவின் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். "என்னடி இது, வெரலெல்லாம் எங்கைய மாதிரி இருக்கு? எனக்கு அடுப்புத் தட்டு சுடுறதே தெரியாது. என்ன வேல செஞ்ச?"

பொய் சொல்ல நேரமில்லை. "கிட்டார் கத்துக்கிறேம்மா. அதுல காய்ச்சுப் போச்சு. உங்க நரம்பு எனக்குத் தட்டுப்படல."

அம்மா அவள் கையை விட்டுவிட்டார். இதோ எழுந்துவிடுவார் என்று கொசு அக்கா நினைத்தாள்.

"ஒரு பாட்டாவது வாசிப்பியா?"

"இல்லம்மா. இன்னும் அஸ்திவாரந்தான்."

அம்மா மூக்கால் சிரித்தார். துணியை மேலே ஏற்றி, கையை மறுபடி நீட்டி, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். "சரி, எடு. ஒரு தடவதான். தப்பிச்சுன்னா நான் கெளம்பிருவேன். திரும்ப வர மாட்டேன்."

திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

ஒரு விரல் மிச்சம் இருந்தது, கட்டைவிரல். கிட்டாரில் அது கழுத்துக்குப் பின்னால் மறைந்து நிற்கும். கம்பி அதைத் தொட்டதே இல்லை. ஆனால் கட்டைவிரலால் யாருக்கும் பார்க்கக்கூடாது என்பதுதான் இந்தத் தொழிலில் முதல் நாள் பாடம். அதற்குள் நம்முடைய நாடியே துடிக்கும். எது நம்முடையது, எது எதிராளியுடையது என்று தெரியாது. நரம்பு என்று நினைத்துக் குத்தக்கூடாத ரத்தக்குழாயில் குத்திவிடுவோம்.

அவள் பட்டையை மறுபடி கட்டி, கட்டைவிரலை வைத்தாள்.

துடித்தது. வேகமாக, கதவைத் தட்டுவது போலத் துடித்தது. அது அவளுடையதுதான், அவளுடைய பயம்தான். அதற்கும் அடியில் மெத்தென்று ஏதோ ஒன்று அமுங்கி எழுந்த மாதிரி இருந்தது. எழுந்ததா? தன்னுடையது கொஞ்சம் அடங்கினால் சொல்லிவிடலாம்.

"கொஞ்சம் பொறுங்கம்மா" என்றாள். வலது கையில் மூடி கழற்றிய ஊசி இருந்தது. பட்டைக்குக் கீழே தோல் நிறம் மாறிக்கொண்டு வந்தது. மூச்சை நீளமாக விட்டு, விரலடியில் தன் நெஞ்சு அடங்குவதற்காக அவள் காத்திருந்தாள். இறுக மூடியிருந்த பேக்கரிக்காரம்மாவின் கை, யாரும் சொல்லாமலே, தலையணைமேல் மெல்லத் திறந்துகொண்டது.