மூன்றாவது புளுகு

வேலைக்குப் போகிறவர்களுக்கான வியாழக்கிழமை மாலை இயற்பியல் வகுப்பு முடிந்ததும் நாங்கள் அறையைக் காலி செய்வதில்லை. ஜன்னல் திரைகளை இழுத்துவிட்டு, வாத்தியாரின் புரொஜெக்டரில் படம் பார்ப்போம். வாட்ச்மேன் பூட்ட வருவதற்குள் முடிக்க வேண்டுமென்பதால் எந்தப் படத்தையும் கால் பங்கு வேகம் கூட்டித்தான் ஓட்டுவோம். ஆரம்பத்தில் எல்லோரும் மூச்சிரைக்கப் பேசுவது போலிருந்தது. பிறகு காது பழகிவிட்டது.

ஆளுக்கொரு வாரம் படம் கொண்டுவர வேண்டும். அதில் அறிவியல் தப்பு இருப்பதாக ஒருவர் போர்டில் நிரூபித்து, பாதிப் பேருக்கு மேல் கை தூக்கினால், கொண்டுவந்தவர் பேரில் ஒரு புளுகு. மூன்று சேர்ந்தால் நாற்காலி போய்விடும், ஆளும் வெளியே. இருப்பதே பத்து நாற்காலி. விதியை உண்டாக்கியவர் மருந்துக்கடை அண்ணன். அடுத்த நாற்காலிக்காக இரண்டு வாரமாக வாசலில் சாய்ந்து நிற்பவன் அவருடைய மச்சான்.

பஸ் ஓட்டும் அக்கா பேரில் ஏற்கெனவே இரண்டு புளுகு இருந்தன. அந்த அறையில் என்னோடு பேசுகிற ஒரே ஆள் அவர்தான். நான் சேர்ந்த புதிதில், பக்கத்து நாற்காலியில் இருந்த தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, "உட்காரு, கடிக்க மாட்டேன்" என்றவர். வியாழன் மாலை லீவுக்காக டிப்போவில் சண்டை போட்டு, ஞாயிறு முழுக்க வண்டி ஓட்ட ஒப்புக்கொண்டிருக்கிறார்.

இந்த வாரம் அவருடைய படம். திருடர்கள் ஒரு இரும்புப் பெட்டியைப் பாலத்திலிருந்து ஆற்றில் தள்ளுகிறார்கள். பாலம் நாற்பத்தைந்து மீட்டர் உயரம் என்று ஒருவன் சொல்கிறான். பெட்டி கைவிட்டுப் போவது முதல் தண்ணீரைத் தொடுவது வரை வெட்டே இல்லாமல் ஒரே ஷாட். நான் ஃபோனில் நேரம் அளந்தேன். கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவளுக்கு அளக்காமல் எதையும் நம்ப வராது. அளந்த பிறகும் வராது.

மூன்று விநாடி ஆகியிருக்க வேண்டும். இரண்டே முக்காலாவது இருந்திருந்தால் என் விரல் தடுமாறியது என்று விட்டிருப்பேன். இருந்தது இரண்டு புள்ளி நான்கு.

ஃபோனை அணைப்பதற்குள் மருந்துக்கடை அண்ணன் பார்த்துவிட்டார்.

"என்ன தங்கச்சி, ஏதோ சிக்கியிருக்கு போல?"

"இல்லண்ணா, நான்தான் தப்பா அளந்திருப்பேன்."

"அப்ப திருப்பி அள. நேரம் இருக்கு."

காட்சியை மூன்று முறை திருப்பி ஓட்டச் சொன்னார். மூன்று முறையும் அதே விடை. போர்டில் எழுதினேன். அந்தப் பெட்டியைப் பூமி ஒன்றரை மடங்கு பலமாக இழுத்திருந்தால்தான் அவ்வளவு சீக்கிரம் விழும்.

"ஒன்றரை மடங்காம்" என்று அவர் எல்லோரையும் பார்த்துச் சிரித்தார். "அக்கா, உங்க படத்துல பூமிக்கே பசி போல. அப்படி இழுக்குது."

"காத்து தடுக்கும்ல?" என்று யாரோ முணுமுணுத்தார்கள்.

"தடுத்தா மெதுவாத்தானே விழணும்? கை தூக்குங்க."

ஏழு கைகள். என் கையையும் தூக்கினேன். கணக்கு என்னுடையது, தூக்காமல் இருந்தால் நன்றாயிருக்குமா என்று அப்போது தோன்றியது. மச்சான் வாசலைவிட்டு ஓரடி உள்ளே வந்தான்.

அக்கா எழவில்லை.

"நான் இதை தியேட்டர்ல பார்த்தேன்" என்றார். "பெட்டி விழுற வரைக்கும் மூச்சைப் பிடிச்சுட்டு உட்கார்ந்திருந்தேன். இங்க மூச்சை இழுக்குறதுக்குள்ள விழுந்துடுச்சு. நீங்க படத்தையும் சரியாப் பார்க்க விடமாட்டீங்க, வெளியவும் தள்ளுவீங்க."

சாக்பீஸ் என் கையிலேயே இருந்தது. விரலைச் சந்தேகப்பட்டேன், கண்ணைச் சந்தேகப்பட்டேன், உயரம் சொன்ன திருடனைக்கூடச் சந்தேகப்பட்டேன். ஓட்டுகிற வேகத்தை மட்டும் மறந்தே போனேன். நான் அளந்த நேரத்தோடு அந்தக் கால் பங்கைக் கூட்டி எழுதினேன். சரியாக மூன்று விநாடி வந்தது.

"அண்ணா, படம் சரி. நாமதான் வேகமா ஓட்டினோம்."

பின்வரிசைத் தையற்காரர்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"அப்ப போன மாசம் நான் கொண்டுவந்த படத்துல கார் தாவினது? அதையும் இப்படித்தானே அளந்தீங்க?"

"என்னோட ராக்கெட்டு?" என்றது இன்னொரு குரல்.

"கிணறு வெட்ட பூதம் கிளம்பின கதையா இருக்கே" என்றார் தையற்காரர்.

மருந்துக்கடை அண்ணனின் முகம் இறுகியது. இதுவரை நிரூபித்த புளுகுகளில் பாதிக்கு மேல் அவர் போர்டில் போட்டவை.

"ஓட்டு முடிஞ்சுது. முடிஞ்சதை மாத்த ஆரம்பிச்சா இந்த வகுப்பே சிரிப்பா சிரிக்கும். தங்கச்சி, போர்டை அழி."

"சரியான கணக்கை எதுக்கு அழிக்கணும்?"

"முதல்ல போட்டது நீ. அப்ப கண்ணு எங்க போச்சு? அரைகுறையா அளந்துட்டு ஒரு பொம்பளையை மாட்டிவிட்டது நீதானே, நானா?"

அவர் சொன்னதில் பொய்யில்லை. டஸ்டரை அவரே எடுத்துத் துடைத்தார், என் இரண்டு கணக்குகளையும் சேர்த்து. பிறகு மச்சானைப் பார்த்துத் தலையசைத்தார்.

மச்சான் அக்காவின் நாற்காலி முதுகில் கை வைத்தான். "எந்திரிங்கக்கா, தகராறு வேண்டாம்."

"கையை எடு."

"விதின்னு ஒண்ணு இருக்குல்ல?"

"பாதி ரோட்டுல பஸ்ஸை நிறுத்திட்டு எவனாவது இறங்கச் சொன்னா நான் இறங்குறதில்ல. ஆறு பேர் ஹாரன் அடிப்பான். அடிக்கட்டும்." பையை மடியில் இறுக்கிக்கொண்டார். "போலீஸைக் கூப்பிடுறதுன்னா கூப்பிடு. எந்தச் சட்டத்துல எந்திரிக்கச் சொல்றேன்னு அவங்களும் கேப்பாங்க."

யாரோ சிரிப்பை அடக்க இருமினார்கள். தையற்காரர் எழுந்து, தன் நாற்காலியை அக்காவின் நாற்காலிக்குப் பின்னால் ஒட்டிப் போட்டு உட்கார்ந்தார். ராக்கெட் படக்காரரும் நகர்ந்து வந்தார். மச்சானுக்கு நிற்க இடமில்லாமல் போயிற்று. மருந்துக்கடை அண்ணன் புரொஜெக்டர் வயரைப் பிடுங்கிச் சுருட்டி, யாரையும் பார்க்காமல் வெளியே போனார். மச்சானும் பின்னாலேயே போனான்.

எனக்கு உடம்பெல்லாம் லேசானது. அக்காவின் பக்கத்தில் என் நாற்காலி காலியாகத்தான் இருந்தது. போய் உட்காரக் குனிந்தேன்.

அக்கா மடியிலிருந்த பையை எடுத்து அதன்மேல் வைத்தார்.

"கை தூக்குறதுக்கு முன்னாடி என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?" என்றார். குரல் உயரவில்லை. "நான் பக்கத்துலதானே இருந்தேன்."

"இல்லக்கா."

"வேற எடம் பாரு."

அறையில் வேறு காலி நாற்காலி ஒன்றுதான் இருந்தது. அது அண்ணனுடையது. நான் அதில் உட்காரவில்லை. சாக்பீஸைப் போர்டின் விளிம்பில் வைத்துவிட்டுப் படியிறங்கினேன்.