இணைந்துகொண்டிருக்கிறது

1

நண்பர் ஒருவரின் கணினித் திரையில் சுழன்றுகொண்டிருந்த வட்டம்தான் இந்தக் கதை. கீழே 'இணைந்துகொண்டிருக்கிறது' என்று இருந்தது. எப்போது முடியும் என்று கேட்டேன். முடியாது, இந்த சர்வருக்குத் தோற்கத் தெரியாது என்றார்.

முதல் வரி இப்படி வந்தது: 'அண்ணன் இறந்த பிறகும் அவன் வேலை' –

வேண்டாம். அழவைக்கும் அவசரம் தெரிகிறது.

2

கதையில் ஒரு தங்கை. அவளும் அண்ணனும் ஒரே அலுவலகம். அங்கே ஒருவர் எழுதிய கணினி நிரலை மற்றவர்கள் படித்துச் சரி என்ற பிறகே சர்வர் அதைப் பொது நிரலோடு இணைக்கும். அண்ணன் எழுதியதை எல்லாரும் சரி என்றார்கள். பொத்தானை அழுத்திவிட்டுக் கிளம்பினான். வழியில் லாரி. (இந்த லாரியைக் கோடு போட்டு அடித்து அடித்துப் பார்த்துவிட்டேன், திரும்ப வந்து நிற்கிறது.) அதே வரிகளை அதற்குள் வேறொருவர் மாற்றியிருந்தார். இரண்டும் ஒட்டாது. அதைச் சொல்லத் தெரியாமல் சர்வர் வட்டத்தைச் சுழலவிட்டது.

3

அம்மாவுக்கு அந்த வட்டத்தைக் காட்டியது அவள்தான். அன்றிலிருந்து சாப்பாடு போடும்போதெல்லாம் அம்மா கேட்பாள்.

"அவனோடது இன்னும் ஓடிட்டுதானேடி இருக்கு?"

"ஓடுதும்மா."

"எதையும் ஆற அமரத்தான் செய்வான்."

(முதலில் அம்மாவை ஏமாளியாக எழுதியிருந்தேன். இல்லை, அவளுக்கு எல்லாம் தெரியும்.)

4

சர்வருக்குத் தோற்கக் கற்றுக்கொடுக்கும் வேலை அவளிடமே வந்தது. வரிகள் மோதினால் வட்டம் நிற்க வேண்டும். காரணம் சொல்லி, எழுதியவருக்கே திருப்பி அனுப்ப வேண்டும். அவள் எழுதியதைப் படித்த மேலாளர் பாராட்டினார்.

"திரையில வர்ற செய்தி மட்டும் கொஞ்சம் இதமா இருக்கட்டும்மா. மனுஷங்க படிக்கிறது."

அவள் மாற்றினாள்: 'இப்போது இணைக்க இயலவில்லை. எழுதியவர் திருத்தி மீண்டும் அனுப்பலாம்.'

அதற்கு மேல் இதமாக எழுத எனக்கும் வரவில்லை. இதைச் சர்வரில் ஏற்றும் பொத்தானை அழுத்திய நொடியில் அண்ணனின் வட்டம் நிற்கும்.

5

முடிவுகள்.

அ) அவளே அண்ணனின் வரிகளைத் திருத்தி இணைக்கிறாள். [ஆகாது. அவன் சரிசெய்த பகுதியையே போன வாரம் மொத்தமாக எடுத்துவிட்டார்கள். ஒட்டவைக்க இடமே இல்லை.]

ஆ) வேலையை விடுகிறாள். [வேறு யாராவது அழுத்துவார்கள்.]

இ) அழுத்துவதற்கு முன் வீட்டுக்குப் போன் செய்கிறாள். எல்லாவற்றையும் சொல்கிறாள். அடுப்பை அணைக்கும் சத்தம் கேட்கிறது.

"நீ செய்யலைன்னா உன் வேலை போயிடுமா?"

"போகாதும்மா. வேற ஆள் செய்வாங்க."

"வேற ஆளா?" என்றாள் அம்மா. "அப்படின்னா நீயே –"

அம்மா முடிக்கவில்லை. அவளுக்காக முடித்துவைக்க எனக்குத் தைரியம் இல்லை. போனைக் காதில் வைத்தபடி அவள் உட்கார்ந்திருக்கிறாள். மிச்சத்தை நீங்கள் சொல்லுங்கள். கொஞ்சம் மெதுவாகச் சொல்லுங்கள்.