மஞ்சள் பல்பும் ஒரு 'பிரமாதமும்'

காய்ச்சல் போகும்போது அவளுடைய நாக்கையும் மூக்கையும் கையோடு கொண்டுபோய்விட்டது. "வந்துடும், பொறுமையா இருங்க" என்றார் டாக்டர். பொறுமைக்கு என்ன குறைச்சல், மிச்சம் இருந்ததே அதுதான். ஆனால் பிழைப்பு நாக்கை நம்பியல்லவா இருந்தது? ஆஸ்பத்திரிக்கு எதிரே இருந்த அவர்களுடைய சின்னக் கடையில் 'அசல் ஜப்பான் மட்சா' என்று பலகை தொங்கியது. கலக்குகிறவளுக்கோ அந்தப் பச்சைத் தேநீரும் குழாய்த் தண்ணீரும் ஒன்றுதான்.

அதனால் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். தினமும் முதல் கோப்பையைக் கணவன் குடிப்பான். குடித்துவிட்டு "பிரமாதம்" என்பான். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் அவள் நாள் முழுக்க நின்றாள். வீட்டுச் சாப்பாட்டுக்கும் அதே சொல்தான் சாட்சி.

அன்று மதியம் கோப்பைகளைக் கழுவும்போது அடியில் ஏதோ நறநறவென்று விரலில் பட்டது. மட்சா என்றால் தேயிலையையே மாவாக அரைத்தது. குடிக்கிறவரோடு வயிற்றுக்குள் போய்விடும், இப்படி மண் மாதிரி தங்காது. டப்பாவைத் திறந்து பார்த்தாள். நிறம் ஒன்றும் பிடிபடவில்லை. கடை லட்சணமாக இருக்கும் என்று போன மாதம்தான் அவன் மஞ்சள் பல்பு மாட்டியிருந்தான்.

காய்ச்சல் விட்டுப்போன கால் வலியோடு, டப்பாவோடு வாசல் வெயிலுக்கு வந்தாள். பழைய சரக்கில் பிரிக்காத பாக்கெட் ஒன்று அலமாரியில் இருந்தது, அதையும் எடுத்து வந்திருந்தாள். வெள்ளைத் தாளில் அதிலிருந்து ஒரு சிட்டிகை, டப்பாவிலிருந்து ஒரு சிட்டிகை. வெயிலில் ஒன்று தளிர்ப் பச்சை, மற்றது காய்ந்த புல். விரலால் தேய்த்தாள். முதலாவது கண்மை போல நீளமாக இழுபட்டது. இரண்டாவது பாதியிலேயே திட்டுத்திட்டாக நின்றுவிட்டது. சாதாரண கிரீன் டீத் தூள்.

ராத்திரி டியூட்டி முடித்துத் தினமும் வருகிற நர்ஸம்மா அன்று தாமதமாக வந்தார்.

"கொஞ்ச நாளா ருசி வேற மாதிரி இருந்துச்சா?" என்று அவரிடம் கேட்டாள்.

"கசந்துச்சு. ஆனா நீங்க போட்டா தப்பா இருக்காதுன்னு குடிச்சுட்டேன்."

அவளுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

சரக்கெடுக்கப் போயிருந்த கணவன் திரும்பியதும் தாளை நீட்டினாள். அவன் உட்கார்ந்துவிட்டான்.

"விலை ஏறிப்போச்சு. உங்கிட்ட சொன்னா கடையை மூடச் சொல்லுவே."

"அதுக்காக? தினமும் குடிச்சுட்டு பிரமாதம்னீங்களே!"

"உனக்குத்தான் ருசி தெரியாதேன்னு..." என்றவன் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

அவள் சண்டை போடவில்லை. சண்டைக்கும் தெம்பு வேண்டுமே. டப்பாவைக் குப்பையில் கவிழ்த்தாள். கடையைப் பூட்டினார்கள், வீடு வந்தார்கள். பழக்கதோஷத்தில் சமைத்துத் தட்டை வைத்தாள். வாயும் பழக்கத்தில் கேட்டுவிட்டது.

"உப்பு?"

"பிர..." என்று தொடங்கியவன் நிறுத்தினான். தட்டையே பார்த்தபடி, "கரிக்குது" என்றான்.

"இன்னைக்கா?"

"நீ காய்ச்சல்லேருந்து எழுந்ததுலேருந்து. தினமும்."

அத்தனை நாளும் அவன் ஒரு பருக்கை மிச்சம் வைத்ததில்லை. எந்தப் பொய்க்காக இவனைத் திட்டுவது, எந்தப் பொய்க்காகக் கட்டிக்கொள்வது?

"அப்பவே சொல்லியிருக்கலாம்ல?"

"நீ அழுவியேன்னுதான்."

இப்போது அழுதாள். அழுதபடியே அவன் தட்டிலிருந்து ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டாள். உப்பும் தெரியவில்லை, கண்ணீரும் தெரியவில்லை.

"நாளைக்கு அந்தப் பலகையைக் கழட்டிடுங்க. பல்பையும்."

"சரி."

"சோத்தைக் கொட்டிடவா?"

அவன் கொஞ்சம் யோசித்தான். "கொட்டிடு" என்றான். பல மாதங்களுக்குப் பிறகு அவன் சொன்னதை அவள் அப்படியே நம்பினாள்.