ஈரலில் இருந்தது

தோங்லாவின் ஈரலில் புற்று, வீட்டுக்குக் கூட்டிப்போய் வேண்டியதைக் கொடுங்கள் என்று மாவட்ட ஆஸ்பத்திரியில் சொன்ன அன்றிலிருந்து அவன் மனைவி நுவன் பாயின் நடுவில் கால் நீட்டிப் படுக்க ஆரம்பித்தாள். அதுவரை சுவரோரம்தான் அவள் இடம். குடித்துவிட்டு வருகிறவன் கையை வீசினால் அடி முதுகில் விழும், முகம் தப்பிக்கும். அப்படிப் படுக்கக் கற்றுக்கொள்வதற்கு முன்னாலேயே இடது காது போயிருந்தது.

முன் என்கிற அந்த ஆற்றின் கரையோர ஊர்களில் ஈரல் நோய் புதிதில்லை. ஆற்று மீனைப் பச்சையாகக் கொத்தி, எலுமிச்சை பிழிந்து, மிளகாய்த்தூளும் வறுத்த அரிசிப்பொடியும் பிசைந்து தின்கிறவர்கள். மீனோடு புழு உள்ளே போகும், பித்தக் குழாயில் குடியிருக்கும், வருஷக்கணக்கில் காத்திருந்து புற்றாகும். போனவர்கள் பட்டியல் எல்லோருக்கும் மனப்பாடம். திரும்பி வந்தவன் என்று ஒருவனும் கிடையாது. அதனால் தோங்லா விஷயத்தில் யாரும் மறுகேள்வி கேட்கவில்லை. அவன் அக்கா சம்லி மட்டும் தினமும் வந்தாள். தம்பியின் உயிர் உடம்பைவிட்டு ஓடிவிடாமல் இருக்க மணிக்கட்டில் வெள்ளை நூல் கட்டி, அவன் காலடியில் உட்கார்ந்து மூக்கைச் சிந்தினாள்.

நுவன் குறை வைக்கவில்லை. கஞ்சி கரைத்தாள், பீ அள்ளினாள், சாயங்காலமானால் குளிரில் உதறுகிறவனுக்கு வீட்டிலிருந்த போர்வையெல்லாம் போட்டாள். ஊரே மெச்சியது. நெஞ்செலும்பை எண்ணிவிடலாம் போல அவன் வற்றிக்கொண்டே வர, நுவனுக்குக் கன்னத்தில் சதை போட்டது. கிணற்றடியில் யாரோ சொன்ன கேலிக்குச் சத்தமாகச் சிரித்துவிட்டுத் தன் சிரிப்பைக் கேட்டுத் தானே திடுக்கிட்டாள்.

ஒரு மத்தியானம் வீட்டில் யாரும் இல்லை. அவன் காய்ச்சலில் கண்மூடிக் கிடந்தான். நுவன் அவன் முகத்துக்கு நேரே குனிந்தாள்.

"ஏய், இனிமே உன் கை எந்திரிக்காதுடா. உன்னை எரிக்கிற அன்னிக்கு நான் அழமாட்டேன். ஊருக்காகக் கண்ணத் துடைச்சுக்குவேன், அவ்வளவுதான். அப்புறம் வீட்டுக்கு வந்து வயிறு முட்டத் திம்பேன்."

அவன் இமைகூட அசையவில்லை. இருபது வருஷமாக அடைத்துக்கொண்டிருந்தது வெளியே வந்த களைப்பில் அவன் பக்கத்திலேயே படுத்துத் தூங்கிப்போனாள்.

கெடுத்தவள் சம்லிதான். ஒரு விடிகாலையில் யாரிடமோ கெஞ்சி வண்டி கொண்டுவந்து வாசலில் நிறுத்தினாள்.

"நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில ஒரு தடவை காட்டிருவோம். காட்டாம விட்டுட்டேன்னு நான் சாகற வரைக்கும் அழ முடியாது."

"அலைக்கழிக்காதீங்க அண்ணி. நிம்மதியாப் போகட்டும்."

"உனக்கென்னடி நிம்மதி, அவன் என் கூடப் பொறந்தவன்" என்றாள் சம்லி. தோங்லாவைப் போர்வையோடு சுருட்டி வண்டியில் ஏற்றினார்கள்.

பெரிய ஆஸ்பத்திரியில் அறுவை சிகிச்சை டாக்டர் ஒரு பெண். அரியா என்று பெயர். தூக்கமில்லாத கண்கள், குட்டையாக வெட்டிய நகங்கள். அவன் வலது விலாவுக்குக் கீழே அவள் இரண்டு விரலால் அழுத்தியதும் தோங்லா பன்றி மாதிரி அலறினான். ஸ்கேன் படத்தை வெகுநேரம் பார்த்தாள். ஈரலில் பெரிதாக ஒன்று, மண்ணீரலில் பொட்டுப் பொட்டாகப் பல. சம்லி மருந்துச் சீட்டோடு கீழே போயிருந்தாள். டாக்டர் நுவனைப் பக்கத்தில் கூப்பிட்டாள்.

"அக்கா, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. இது புற்றாவும் இருக்கலாம், சீழ்கட்டியாவும் இருக்கலாம். படத்துல ரெண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். புற்றுன்னா ஊசி குத்தின வழியா பரவிடும், அதனால சும்மா குத்திப் பாக்க முடியாது. ரத்தத்துல கிருமி வளருதான்னு பாக்க நாளாகும், அதுவரைக்கும் இவர் தாங்கமாட்டார். சீழ்னா வயல் சேத்துக் கிருமியாத்தான் இருக்கும். இந்த மழைக்கு வயல்ல எறங்கினாரா? கால்ல காயம் ஏதாவது பட்டுச்சா?"

நாற்று நட்ட சமயம் போதையோடு சேற்றில் இறங்கி, எதன் மேலோ மிதித்துக் குதிகாலைக் கிழித்துக்கொண்டு வந்தான். துணி கிழித்துக் கட்டியவள் நுவன். கட்டு இறுக்கமாக இருக்கிறதென்று அதே காலால் அவளை எட்டி உதைத்தான்.

"இல்ல டாக்டர்," என்றாள். "இந்த வருஷம் வயல் பக்கமே போகல. காயமும் இல்ல."

சொல்லிவிட்டுப் படுக்கையைப் பார்த்தாள். தோங்லாவின் கண்கள் திறந்திருந்தன. அவளையே பார்த்தன. உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை.

டாக்டர் கால்மாட்டுக்குப் போய்ப் போர்வையைத் தூக்கினாள். வலது குதிகாலின் வெடிப்புகளுக்கு நடுவே, ஓரம் கறுத்து, பாதி மூடியும் மூடாமலும் ஒரு கிழிசல். கட்டைவிரலால் தடவிப் பார்த்தாள்.

"இது?"

"அது... பழசு டாக்டர்."

"பழசு இல்ல." டாக்டர் நர்ஸ் பக்கம் திரும்பினாள். "சர்க்கரை எவ்வளவு இருக்குன்னு உடனே பாருங்க. தியேட்டர்ல சொல்லிடுங்க, வயித்தைத் திறக்கறோம்."

வெளியே பெஞ்சில் சம்லி கைகூப்பி முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். நுவனும் கைகூப்பினாள். என்ன கேட்பதென்று அவளுக்குத் தெரிந்திருந்தது. புத்தரிடம் அதைக் கேட்கலாமா என்பதுதான் தெரியவில்லை.

மதியத்துக்கு மேல் டாக்டர் வந்தாள். "புற்று இல்ல. சீழ். தேன்கூடு மாதிரி அறை அறையா நிறைஞ்சு கிடந்துச்சு. ஒவ்வொண்ணா உடைச்சு எடுத்தோம். மண்ணீரல் அழுகிப்போச்சு, அதை வெட்டி எடுத்தாச்சு. வயல் சேத்துல இருக்கற கிருமிதான். காயத்து வழியா போயிருக்கு. நல்ல மருந்து இருக்கு, பொழைச்சுக்குவார்."

சம்லி தரையில் விழுந்து டாக்டரின் காலைத் தொட்டாள். எழுந்து நுவனைக் கட்டிக்கொண்டு குலுங்கினாள். "உன் புண்ணியம்டி, உன் பாக்கியம்!" நுவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். சந்தோஷத்தில் மயங்குகிறாள் என்று யாரோ தண்ணீர் கொண்டுவந்தார்கள்.

கூட்டம் கலைந்த பின் டாக்டர் அவளைக் கைகழுவும் தொட்டியருகே நிறுத்தினாள்.

"நீங்க சொன்னதை நம்பியிருந்தா ஒண்ணும் செய்யாம வீட்டுக்கு அனுப்பியிருப்பேன்."

"மறந்துட்டேன் டாக்டர்."

டாக்டர் சோப்பு தேய்த்தாள். "நான் பேசும்போதெல்லாம் தலையைத் திருப்பி வலது காதைக் காட்டறீங்க. இன்னொண்ணு எப்படிப் போச்சு?"

"விழுந்துட்டேன்."

"இதையும் நான் நம்பல," என்றாள் டாக்டர். குழாயை மூடிக் கையை உதறினாள். ஏதோ சொல்ல வாயெடுத்த மாதிரி இருந்தது. அதற்குள் உள்ளேயிருந்து நர்ஸ் அடுத்த நோயாளியின் பெயரைச் சொன்னாள். டாக்டர் போய்விட்டாள்.

வார்டில் தோங்லா நாளுக்கு நாள் தேறினான். முதலில் கழுத்து நின்றது, பிறகு முதுகு. ஒட்டும் பசையரிசிச் சோற்றை உருட்டித் தானே வாயில் போட்டுக்கொண்டான். அக்காவிடம் பேசினான், பக்கத்துக் கட்டில்காரனிடம் பேசினான், நர்ஸுகளைக் கிண்டல்கூடச் செய்தான். நுவனிடம் ஒரு வார்த்தை இல்லை. துடைத்துவிடும்போது கையைத் தூக்கு என்றால் தூக்கினான். அந்தக் கையின் கனம் ஒவ்வொரு நாளும் கூடுவதை அவள் துணி வழியாக உணர்ந்தாள்.

வீட்டுக்கு அனுப்பும்போது ஒரு பை நிறைய மாத்திரை கொடுத்தார்கள். கிருமி உள்ளே பதுங்கியிருக்கும், மாசக்கணக்கில் விடாமல் சாப்பிட வேண்டும், நடுவில் நிறுத்தினால் மறுபடி வரும், வந்தால் காப்பாற்ற முடியாது என்று டாக்டர் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

வீட்டில் அவனைச் சுவரில் சாய்த்து உட்கார வைத்ததும் சம்லி பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "இது எங்கிட்ட இருக்கட்டும். ரெண்டு வேளையும் நானே வந்து குடுக்கறேன்."

"வேணாங்கா," என்றான் தோங்லா. "அவ குடுக்கட்டும்."

சம்லிக்குக் கண் கலங்கிவிட்டது. "பாத்தியாடி? சாவு வந்து இவனை மனுஷனாக்கிருச்சு." பையை நுவனிடம் கொடுத்துவிட்டுப் படியிறங்கிப் போனாள்.

அவள் செருப்புச் சத்தம் ஓயும்வரை அவன் காத்திருந்தான்.

"பாயில கிடந்தப்ப நீ சொன்னது கேட்டுச்சு," என்றான். குரலில் கோபமே இல்லை. "டாக்டர்கிட்ட சொன்னதும் கேட்டுச்சு."

நுவன் வாசலைப் பார்த்தாள்.

"ஓடமாட்ட. எங்க போவ? நான் செத்தா எங்கக்காவுக்குத் தெரியும், மாத்திரை யார் கையில இருந்துச்சுன்னு." மூச்சு வாங்கிக்கொண்டான். "காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. உன் கையாலயே குடு. நீதான் என்னைப் பொழைக்க வைக்கணும். எந்திரிச்சு நிக்கற வரைக்கும். அப்புறம் பேசிக்கலாம்."

வாயைத் திறந்தான். மஞ்சள் பற்களுக்கு நடுவே நாக்கு வெள்ளை படிந்து தடித்துக் கிடந்தது. அதற்கும் பின்னால் தொண்டை, விழுங்கத் தயாராக, ஏறி இறங்கியது. நுவன் மாத்திரையை எடுத்து அவன் முகத்துக்கு எதிரே பிடித்தபடி நின்றாள். வேர்த்த விரல்களுக்கிடையில் அது ஊறி, ஓரங்கள் கரைந்து, நகக்கண்ணில் வெள்ளையாக ஒட்டத் தொடங்கியது. அவன் வாயை மூடவில்லை.