கோழிப் பெட்டியில் இரண்டு ரீல்

கஹவத்தைக் கடைத்தெருவில் பவாஸின் கோழிக் கடைக்குள் அழகமுத்து நுழைந்தபோது சனிக்கிழமை மத்தியானம் இரண்டரை மணி. ஒரு பாட்டம் மழை பெய்து ஓய்ந்திருந்தது. அவர் கையில் இரண்டு பொலித்தீன் பைகள். ஒன்றில் பெரிய ரீல், தங்க நிறம். மற்றதில் சின்னது, கறுப்பு. மீன்பிடிக் கம்பில் பூட்டித் தூண்டில் நரம்பைச் சுற்றும் ரீல்கள். இரண்டையும் பவாஸின் ஐஸ் பெட்டிக்குள் வைத்து எடுக்க வேண்டும் என்றார்.

"முத்தண்ணே, இதுக்குள்ள நான் கோழிதான் வெக்கிற. மெஷின் சாமான் வெக்கிற இல்ல."

"ரெண்டு மணித்தியாலம்தான் பவாஸ். நல்லா சுத்தித்தான் வெச்சிருக்கேன். கோழியில ஒட்டாது."

"கோழிக்கு என்ன, அது செத்துப்போச்சு. எனக்குத்தான் பயம். சுகாதாரம் செக் பண்ற பி.எச்.ஐ. ஐயா வந்து இது என்னான்னு கேட்டா?"

"மீன் புடிக்கிற சாமான். மீன் வகையில எழுதிக்கச் சொல்லு."

பவாஸ் சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே குனிந்து உறைந்த கோழிகளை ஒரு பக்கமாக நகர்த்தி, நடுவில் ஒரு பள்ளம் செய்து கொடுத்தார். கோழி வாங்க வந்திருந்த சிங்களப் பெண்ணொருத்தி எட்டிப் பார்த்து, என்ன அது என்று கேட்டாள். மகள் ஐஸ் ஊருக்குப் போகிறாள், இது மருமகனுக்கு, அந்தக் குளிரில் ஓடுமா என்று பார்க்கிறேன் என்று அழகமுத்து சிங்களத்திலேயே சொன்னார். அவள் பாதி புரிந்தும் பாதி புரியாமலும் தலையை ஆட்டிவிட்டு, தனக்கு அந்தப் பள்ளத்துக்குத் தள்ளிக் கிடக்கும் கோழியாகப் பார்த்து எடுத்துத் தரச் சொன்னாள்.

பெட்டியின் மூடியைச் சாத்தியதும் அழகமுத்து ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலை இழுத்துப் போட்டு அதற்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். பேக்டரியில் புது மெஷினை முதன்முதலாக ஓட விட்டால் அவர் அந்த இடத்தை விட்டு நகரமாட்டார். அதே உட்காரல்தான்.

விசயம் இதுதான். அவருடைய மகள் விஜயகலா யாழ்ப்பாணத்தில் கம்பசுக்குப் போய்ப் படித்தவள். அங்கே கூட இருந்த பிள்ளையின் ஒன்றுவிட்ட அண்ணன் இளங்குமரன். அவன் கனடாவில் வடக்கே ஏதோ ஒரு சின்ன டவுனில் ஆஸ்பத்திரி வேலை. போனில் பேசிப் பேசி, மார்ச் மாதம் வந்து ரத்தினபுரியில் கல்யாணப் பதிவு எழுதினான். இரண்டு கிழமை நின்றான், போய்விட்டான். தலைத் தீபாவளிக்கு அவனால் வர முடியவில்லை. மாப்பிள்ளை வராவிட்டால் என்ன, சீர் சீர்தானே. மகளுக்கு விசா வந்து, திங்கட்கிழமை பிளைட். அவள் கையில் கொடுத்து அனுப்ப வேண்டும். ஒரு மோதிரம் போடலாம் என்று அவர் மனைவி ஜெயம்மா சொன்னாள். கலா போனில் கேட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டே வந்தாள். "மோதிரம் வேணாமாம்ப்பா. அங்க குளிருக்கு வெரல் சுருங்கி மோதிரம் கழண்டு விழுந்துருமாம். ஐஸ்ல மீன் புடிக்க ஒரு சின்ன ரீல் இருந்தா போதுமாம். சும்மா பகிடிக்குச் சொல்றாரு."

அழகமுத்துவுக்கு அது பகிடியாகப் படவில்லை. அவர் மனதில் வேறொன்று கிடந்தது. பதிவு எழுதிய அன்று, ஹோட்டலில் சாப்பிட்டுக் கை கழுவும் இடத்தில், இளங்குமரனின் தாய் மகாதேவி யாரோ சொந்தக்காரியிடம் சொன்னது அவர் காதில் விழுந்தது. "தேயிலைத் தோட்டத்தில இருந்து வாற பிள்ளை, என்னத்தைக் கொண்டு வரப்போகுது? நாங்கள்தான் எல்லாம் பாக்கவேணும்." கோபமாகச் சொல்லவில்லை. நக்கலாகவும் சொல்லவில்லை. மழை வரப்போகிறது, குடையை எடு என்பது மாதிரிச் சொன்னா. அதனால்தானோ என்னவோ அது போகவே மாட்டேன் என்கிறது. திட்டியிருந்தால் திருப்பித் திட்டி முடித்திருக்கலாம். அந்த அம்மாவும் கனடாவில் அதே வீட்டில்தான். தினமும் அவ முகத்தில் விழிக்கப் போவது கலா. இங்கிருந்து போகும் சாமான் அங்கே போய் ஓடாமல் நின்றால், அதைச் செய்தது தகப்பன் என்று யாரும் சொல்லமாட்டார்கள். அவள்தான் கேட்டுக்கொண்டு நிற்பாள்.

போன ஞாயிறு ரத்தினபுரிக்கு பஸ் ஏறினார். அங்கே றினாஸ் என்ற பொடியன் தூண்டில் சாமான் கடை வைத்திருக்கிறான். "ஐஸ்ல மீன் புடிக்கிறதா? மீன்ல ஐஸ் போடுறதுதான் அண்ணே நமக்குத் தெரியும்" என்றான். ஆனாலும் நல்ல பொடியன். போனில் எதையெதையோ தேடிப் பார்த்து, ஐஸில் சின்னத் துளைதான் போடுவார்கள், கம்பு முழ நீளம்தான், அதற்குப் பெரிய ரீல் பாரம் என்று இந்தக் கறுப்பை எடுத்து வைத்தான். அழகமுத்துவுக்கு அது கண்ணில் நிற்கவில்லை. கண்ணாடிக்குள் இருந்த தங்கநிறப் பெரிசுதான் மாப்பிள்ளைக்குக் கொடுக்கிற சாமான் மாதிரி இருந்தது. கடலுக்குப் போகிறவர்கள் வாங்குவதாம். மனசு இரண்டாகப் பிரிந்து நிற்பதைப் பார்த்த றினாஸ், இரண்டையும் கொண்டுபோங்க, வேண்டாததைப் பூட்டுக் கழட்டாமல் கொண்டுவந்தால் எடுத்துக்கொள்கிறேன் என்றான்.

பூட்டுக் கழட்டாமல். அதுதான் அவரால் முடியாத காரியம். இருபத்தொன்பது வருசமாகத் தேயிலைப் பேக்டரியில் பிட்டர். வருசத்தில் முக்கால்வாசி நாள் மழை பெய்கிற ஊர். இரும்பு என்று பேர் வைத்தால் போதும், துரு வந்து உட்கார்ந்துவிடும். அதனால் புதுச் சாமான் எது வந்தாலும், கம்பெனிக்காரன் போட்ட கிரீஸை அழகமுத்து நம்பமாட்டார். கழட்டி, துடைத்து, தன் கையால் கெட்டியாகக் கிரீஸ் அப்பி, திரும்பப் பூட்டிய பிறகுதான் ஓட விடுவார். ரோலரின் பேரிங்கும் சரி, வீட்டுத் தேங்காய்த் துருவியும் சரி. புதன்கிழமை பேக்டரி மேசையில் சின்ன ரீலை எடுத்து வைத்துக்கொண்டு அவர் யோசிக்கவேயில்லை. கை தானாகவே போய்விட்டது. பூட்டும்போது ஸ்குரூ டிரைவர் வழுக்கி, மூடியில் ஒரு கீறல். ஒரு ஸ்குரூ ஆணியின் தலையும் சிதைந்துவிட்டது. அதைப் பார்த்ததும்தான் ஐயோ என்றது மனசு. பெரிசை அவர் கழட்டவில்லை.

நாலரைக்குப் பெட்டியைத் திறந்தார்கள். குளிர்ப்புகை எழும்பி பவாஸின் கண்ணாடியை மூடியது. முதலில் தங்க நிறம். கைப்பிடியைச் சுற்றினார். பாரமாக இருந்தது, கரகரவென்றது, ஆனாலும் சுற்றியது. அடுத்தது கறுப்பு. சுற்றவில்லை. கொஞ்சம் பலம் கொடுத்தார். அசையவில்லை. இன்னும் கொடுத்தால் கைப்பிடி முறியும் என்று அவர் விரலுக்குத் தெரிந்தது.

"செத்துப்போச்சா?" என்று கேட்டார் பவாஸ்.

அழகமுத்து ரீலை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்தார். ரீலின் இடுக்கில் வெள்ளையாக, மெழுகு மாதிரிக் கட்டிக்கிடந்தது அவர் போட்ட கிரீஸ். கம்பெனிக்காரன் பிழை விடவில்லை. றினாஸ் பிழை விடவில்லை. இருபத்தொன்பது வருசமாக எதைச் செய்து எல்லாவற்றையும் காப்பாற்றினாரோ, அதையேதான் இதற்கும் செய்திருந்தார்.

அப்போதுதான் கலா வந்தாள். டெயிலரிடம் கொடுத்திருந்த சட்டைகளை வாங்கிக்கொண்டு வந்தவள், அப்பா கோழிக் கடைக்குள் ஐஸ் பிடித்த ரீலோடு நிற்பதைப் பார்த்து வாசலிலேயே நின்றாள்.

"என்னாப்பா இது?"

"ஒன்னுமில்லம்மா. பெரிசையே குடுத்துரலாம். அது சுத்துது."

"அவரு கேட்டது சின்னதுப்பா."

"சின்னது நின்னுருச்சி. நான் கிரீஸ் போட்டேன். கட்டிக்கிருச்சி."

அவள் பையைக் கோழித் தராசுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு ரீலைக் கையில் வாங்கினாள். குளிர் சுட்டிருக்க வேண்டும், கை மாற்றிக்கொண்டாள். "அப்ப போட்டதை எடுங்களேன்" என்றாள்.

சொன்னால் அவ்வளவு லேசு. பவாஸ் பேப்பர் விரித்தார், ஒரு கிண்ணத்தில் மண்ணெண்ணெய் ஊற்றினார். அழகமுத்து சட்டைப் பையில் எப்போதும் இருக்கும் ஸ்குரூ டிரைவரை எடுத்தார். சிதைந்த ஆணி கழன்று வரும்போது இன்னும் கொஞ்சம் சிதைந்தது. பல்சக்கரம், பேரிங், வாஷர் என்று ஒவ்வொன்றாகக் கழட்டி, எடுத்த வரிசையிலேயே பேப்பரில் வைத்தார். கலா தீக்குச்சியில் துணி சுற்றிக் கிரீஸைத் தோண்டித் தோண்டி எடுத்தாள். எவ்வளவு வந்தது! இத்தனூண்டு சாமானுக்குள் இவ்வளவையும் எப்படி அடைத்தேன் என்று அவருக்கே கூச்சமாக இருந்தது. இவளுடைய பெட்டியும் இப்போது வீட்டில் அப்படித்தான் கிடக்கிறது. தேயிலை, முறுக்கு, இருமல் மருந்து, கோயில் திருநீறு என்று ஜெயம்மாவும் அவருமாக அமுக்கி அமுக்கி, நேற்று அதன் ஜிப் மூட மறுத்தது.

கடைசியில் டெயிலரிடம் வாங்கிய தையல் மெஷின் எண்ணெயில் இரண்டே சொட்டு. மூன்றாவது சொட்டுக்குக் கை போனது. நிறுத்திக்கொண்டார். வெறும் இரும்பாக விட்டுப் பூட்டுவது, பிள்ளையைச் சட்டை போடாமல் மழையில் அனுப்புவது மாதிரி இருந்தது அவருக்கு.

மறுபடி பெட்டிக்குள் வைத்து, மறுபடி காத்திருந்தார்கள். பவாஸ் பிளேன்டீ வரவழைத்தார். ஏழு மணிக்கு எடுத்தபோது கலாதான் சுற்றினாள். ஒற்றை விரலால் தட்டியதற்கே கைப்பிடி சத்தமில்லாமல் ஏழெட்டுச் சுற்று ஓடி நின்றது.

"அல்லாஹ்! காத்தாடி மாதிரி ஓடுதே" என்றார் பவாஸ்.

ஆனால் அழகமுத்துவின் கண் கீறலில் நின்றது. மேசை மேல் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. தங்க நிறம் பளபளவென்று, புதுசாக. கறுப்பு, மூடி கீறி, ஆணி சிதைந்து, மண்ணெண்ணெய் வாசத்தோடு. யார் பார்த்தாலும் பாவித்த சாமான் என்றுதான் சொல்வார்கள். கை கழுவும் இடத்தில் நின்ற அந்த அம்மா என்ன சொல்வா என்பதை அவர் மனசுக்குள்ளேயே கேட்டார். அதே சாதாரணமான குரலில்.

"பெரிசே போகட்டும்மா. சுத்துதுதானே. பாக்க ஒரு மதிப்பா இருக்கும்."

கலா தங்கநிற ரீலை ஒரு பக்கமாகத் தள்ளி வைத்தாள். பிறகு, "அப்பா, அத்தை பாத்தா என்னா சொல்லுவாங்கன்னு அங்க போயி நான் தெனம் யோசிக்கத்தான் போறேன். இன்னைக்கி ஒரு நாளு நீங்க யோசிக்காதீங்களேன்" என்றாள்.

அவளுக்கும் அது தெரியும் என்று அவருக்கு அதுவரை தெரியாது. கை கழுவும் இடத்தில் இவள் எங்கே நின்றாள்? கேட்கவில்லை. கேட்டால் இரண்டு பேருக்கும் தாங்காது.

"மாப்புளைக்கு போனைப் போடு. நானே பேசுறேன்" என்றார்.

மகள் ஆச்சரியமாகப் பார்த்தாள். இளங்குமரனோடு அவர் நேராகப் பேசியதே கிடையாது. சுகமா, சாப்பிட்டீங்களா, இருங்க மகள்கிட்ட குடுக்குறேன். அத்தோடு சரி. அவன் பேசும் தமிழில் பாதி புரியாது, தன் தமிழ் அவனுக்கு எப்படிக் கேட்குமோ என்ற பயம் வேறு. இப்போது போன் திரையில் அவன் முகம் வந்தது. தொப்பி, தாடியில் வெள்ளையாக ஏதோ. அங்கே அப்போதுதான் விடிகிறது.

"மாப்புள, உங்களுக்கு ஒரு ரீல் வாங்குனேன்" என்று தொடங்கினார். "வாங்கி, நான் அதைக் கழட்டிட்டேன். கிரீஸ் போட்டு நாந்தான் கெடுத்தேன். பொறகு நாந்தான் துடைச்சேன். இப்ப ஓடுது. ஆனா மேல ஒரு கீறல் இருக்கு, ஒரு ஆணித் தலையும் போச்சி. பாக்கப் புதுசு மாதிரி இருக்காது. வேணாம்னா சொல்லுங்க, தங்க நெறத்துல பெரிசு ஒன்னு, கைபடாதது, இருக்கு. அதைக் குடுத்து விடுறேன்."

பவாஸ் கோழி வெட்டும் கத்தியைக் கையில் பிடித்தபடியே நின்றார்.

"முழுக்கக் கழட்டினனீங்களோ மாமா?"

"முழுக்கத்தான்."

"திருப்பிப் பூட்டேக்க ஒண்டும் மிஞ்சேல்லையோ?"

அழகமுத்துவுக்குப் புரிய ஒரு நொடி எடுத்தது. புரிந்ததும் சிரிப்பு வந்துவிட்டது. "ஒன்னும் மிஞ்சலைங்க மாப்புள."

"எனக்கு மிஞ்சினது. போன வருசம் என்ர ரீலைக் கழட்டினன், மூண்டு சாமான் மிச்சம். இன்னும் மேசை லாச்சிக்குள்ள கிடக்கு. அதைத்தான் தாங்கோ மாமா, அந்தக் கறுப்பை."

அவனுக்குப் பின்னால் வீட்டுக் கதவு திறந்தது. வெளிச்சத்தில் ஒரு உருவம். "ஆரோட தம்பி, விடிய வெள்ளனக் கதைக்கிறாய்?" மகாதேவியின் குரல்தான்.

"கலாவின்ர அப்பாவோட அம்மா. எனக்கு ரீல் பூட்டித் தாறார்."

அவ என்னவோ சொன்னா. காற்று அடித்ததில் இங்கே கேட்கவில்லை. கலா போனுக்குக் கிட்ட முகத்தைக் கொண்டுபோய் உன்னிப்பாகக் கேட்டாள், அவளுக்கும் பிடிபடவில்லை. இளங்குமரன் அதற்குப் பதில் சொன்னானா இல்லையா என்பதும் தெரியவில்லை. அவன் நடக்கத் தொடங்கியிருந்தான். "இருங்கோ மாமா, ஏரியில மீன் பிடிக்கிற இடத்தைக் காட்டுறன்."

திரை முழுக்க வெள்ளை. வானம் எங்கே, தரை எங்கே என்று தெரியாத வெள்ளை. அவனுடைய சப்பாத்துக்கு அடியில் பனி நொறுங்கும் சத்தம் மட்டும், யாரோ அரிசி மென்று தின்பது மாதிரி. பிறகு அவன் போனைக் கீழே சாய்த்தான். வெள்ளைக்கு நடுவில், ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவு துளை. அதற்குள் கறுப்பாகத் தண்ணீர், விளிம்பு வரை வந்து அசையாமல் நின்றது. அதற்கு மேல் கண்ணாடி மாதிரி ஒரு மெல்லிய ஐஸ் ஏற்கனவே படர்ந்திருந்தது. அவன் ஒரு கரண்டியால் அதைத் தட்டி உடைத்து, துண்டுகளை அள்ளி வெளியே போட்டான். கோழிக் கடையில் மூன்று தலைகள் ஒரு சின்னத் திரைக்கு மேல் குனிந்திருந்தன. பார்த்துக்கொண்டிருக்கும்போதே, துளையின் ஓரத்தில் இருந்து, அந்தக் கறுப்புத் தண்ணீரின் மேல் மறுபடியும் ஒரு ஐஸ் ஆடை பிடிக்கத் தொடங்கியது.