ஐந்துக்கு ஐந்து

தவமணியின் மூன்று பிள்ளைகளும் எந்தப் பரீட்சையிலும் தோற்றதில்லை. தோற்க அவள் விட்டதில்லை என்பதுதான் சரி. அப்படிப்பட்டவளின் கணவருக்கு, மூளை ஆய்வு என்று சொல்லி ஒரு சோதனை வைத்தால் அவள் சும்மா இருப்பாளா?

கெலுகோர் பல்கலைக்கழகத்தில் நடக்கும் ஆய்வு அது. அறுபது தாண்டியவர்களின் ஞாபகம் வருடத்துக்கு வருடம் எப்படி மாறுகிறது என்று பார்க்கிறார்கள். ஐந்து சொற்களைச் சொல்வார்கள். ஐந்து நிமிடம் வேறு ஏதாவது பேசிவிட்டு, அவற்றைத் திரும்பச் சொல்லச் சொல்வார்கள். முதல் வருடம் ஆனந்தராஜா மூன்றுதான் சொன்னார். வெளியே உட்கார்ந்திருந்த தவமணிக்கு மானமே போய்விட்டது. பாதி திறந்த கதவு வழியாகக் காதில் விழுந்த ஐந்தையும் மருந்துச் சீட்டின் பின்னால் எழுதிக்கொண்டாள்.

அன்றிலிருந்து தினமும் மாலையில் தேத்தண்ணியோடு மனப்பாடம். அவள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பாள். "குடை, உப்பு, பாலம், மல்லிகை, ஆடு" என்று அவர் ஒப்பித்த பிறகுதான் பிஸ்கட். அடுத்த இரண்டு வருடமும் அதே சொற்களைத்தான் கேட்டார்கள்; ஐந்துக்கு ஐந்து. கோயிலில் பத்துப் பேரிடமாவது அதைச் சொல்லியிருப்பாள்.

போன மாதம் ஜுருவுக்குக் கார் டயர் மாற்றப் போனவர் அங்கிருந்து போன் செய்தார்.

"தவம், நம்ம வீடு எந்தப் பக்கம்?"

அந்த வாரமே ஆய்வு செய்யும் ஷர்மினியும் கூப்பிட்டாள். "புதுசா ஒரு சிகிச்சைய டெஸ்ட் பண்ணப் போறோம், ஆன்ட்டி. ஞாபகம் லேசா குறைய ஆரம்பிச்சவங்களுக்கு மட்டும்தான். அங்கிளுக்குத் தேவையில்ல லா, அவரு ஃபுல் மார்க்."

தவமணிக்கு அன்று சோறு இறங்கவில்லை. அவருக்குத் திறந்த ஒரே கதவைத் தன் கையாலேயே சாத்திவிட்டோமே என்று அழுதாள். வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் மறுநாள் காலையிலேயே அவரைக் கூட்டிக்கொண்டு போய், அந்தச் சீட்டை ஷர்மினியின் மேசையில் வைத்தாள்.

"நான்தான் சொல்லிக் குடுத்தேன்மா. அந்த மார்க் இவரோடது இல்ல, என்னோடது."

ஷர்மினி சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். திட்டவில்லை.

"வேற லிஸ்ட் இருக்கு, ஆன்ட்டி. இந்த வாட்டி நீங்களும் உள்ள உட்காருங்க. ஆனா வாயத் திறக்கக் கூடாது."

புதிய ஐந்து சொற்கள். ஐந்து நிமிடம் பழைய ஃபெரியைப் பற்றிப் பேச்சு. பிறகு கேள்வி. ஆனந்தராஜா நிமிர்ந்து உட்கார்ந்தார். "குடை, உப்பு, பாலம், மல்லிகை, ஆடு" என்று கணீரென்று சொல்லிவிட்டு, மனைவியைப் பார்த்துச் சிரித்தார். தவமணி உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

ஷர்மினி எழுதி முடித்தாள். "ஸ்கேன் எடுத்துப் பார்க்கணும். அதுவும் ஒத்து வந்தா அங்கிள் பேரைச் சேர்த்துடலாம், ஆன்ட்டி."

வெளியே வந்ததும் அவர் கேட்டார். "எத்தனை மார்க்?"

பிள்ளைகளின் மார்க் குறைந்த நாட்களில் தவமணி எத்தனையோ பேரிடம் மழுப்பியிருக்கிறாள். இவரிடம் முடியவில்லை.

"சைபர்ங்க. இனிமே மனப்பாடம் எல்லாம் வேணாம்."

அவர் நடந்துகொண்டே கேட்டார்.

"அப்ப தேத்தண்ணி நேரத்துல நீ என் பக்கத்துல உட்கார மாட்டியா?"

தவமணி நடுவழியில் நின்று அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உட்காருவேன். ஒண்ணும் கேட்காம உட்காருவேன்."